ஓரத்தில் எஞ்சும் ஒன்றரை மீட்டர்

சென்னையில் அறுபதடிச் சாலை ஒன்றைச் சீரமைக்கும் வேலை ஒரு வடிவமைப்பு அலுவலகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அகலம் பதினெட்டு மீட்டர். நடுவில் பேருந்துகள் எதிரெதிரே போய்வர வேண்டும், அதையொட்டி வண்டி நிறுத்தவும் இடம் வேண்டும். அதுபோக இரு ஓரங்களிலும் எஞ்சுவது ஒன்றரை மீட்டர். நடப்பவர், மழைநீர் வடிகால், மின் இணைப்புப் பெட்டி, குடிநீர்க் குழாய், நிழல் மரம், பூக்காரம்மா, இஸ்திரி வண்டி எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றரை மீட்டர்தான் இருக்கிறது. வடிகாலைக் கான்கிரீட் பெட்டியாகக் கட்டி அதன் மூடியையே நடைபாதையாக்குவது இங்கே பழகிப்போன வழி. மழைநீருக்கும் நடப்பவருக்கும் இடம் கிடைத்துவிடும், மரத்துக்கு வேர் இறங்க மண் இருக்காது. வடிகாலைச் சாலைக்கு அடியில் தள்ளினால் மரம் பிழைக்கும். ஆனால் செலவு ஏறும், தூர்வாரும்போதெல்லாம் போக்குவரத்தை நிறுத்த வேண்டிவரும். வண்டி நிறுத்தத்தை எடுத்துவிட்டால் எல்லாமே பொருந்தும். அன்று மாலையே கடைக்காரர்கள் மாநகராட்சி வாசலில் நிற்பார்கள்.

நீடித்து நிலைக்கும் நகரம் வேண்டும் என்பதில் வடிவமைப்பாளர்களுக்குள் சண்டை இல்லை. தண்ணீர், நிழல், பொதுப் போக்குவரத்து, ஏழைகளுக்கு வீடு, குறைந்த மின்செலவு எல்லாமே நல்லவை. எல்லாம் நல்லவையாக இருக்கும் இடத்தில் எதை முதலில் வைப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் தொழில் தொடங்குகிறது. இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டாகப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில பயன்பட்டன. சில கணக்கின் மிடுக்கோடு வந்து நம்மை ஏமாற்றின.

நம் ஊருக்கு நேரடித் தொடர்புள்ள ஒருவரிடமிருந்து தொடங்கலாம். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914இல் தன் நகரக் கண்காட்சியோடு இந்தியாவுக்கு வந்தார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை, அந்த ஆண்டு சென்னை மீது குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. கெடிஸ் மனம் தளராமல் வேறு படங்களைச் சேர்த்துச் சென்னையில் கண்காட்சியை நடத்தினார், மதராஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். அவருடைய முன்னுரிமை எளியது. முதலில் ஊரை நடந்து பார், பிறகு கோடு போடு. அகலச் சாலைக்காக ஒரு தெருவையே இடிப்பதைவிட, இடிந்த வீடு ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக் காற்றும் வெளிச்சமும் வரவழைப்பது அவர் வழி. மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதை அவர் எதிர்த்தார். குளம் ஊரைக் குளிர்விக்கிறது, வெள்ளத்தைத் தாங்குகிறது, கொசுவுக்கு மீனும் வாத்தும் போதும் என்பது அவர் வாதம். அவர் வந்துபோன சில ஆண்டுகளிலேயே சென்னையில் மாம்பலத்தின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டு தியாகராய நகர் எழுந்தது. வீட்டு மனையா ஏரியா என்ற போட்டியில் அன்றைக்கு வென்றது மனை. அதன் விலையை அந்தப் பகுதி ஒவ்வொரு பெருமழையிலும் கட்டிக்கொண்டிருக்கிறது.

1969இல் அமெரிக்காவில் இயன் மெக்ஹார்க் வேறொரு வழி காட்டினார். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு நெடுஞ்சாலை எந்தப் பாதையில் போக வேண்டும் என்ற கேள்விக்கு, மண், நீர், காடு, சரிவு, குடியிருப்பு, வரலாற்றுச் சின்னம் என ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடித் தாளில் நிழலிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இருண்ட இடத்தில் சாலை போட்டால் இழப்பு அதிகம், வெளுத்த இடத்தில் குறைவு. இன்றைய புவியியல் தகவல் மென்பொருள்கள் எல்லாம் அந்த அடுக்கின் வாரிசுகள். அதில் ஒரு குறை உண்டு. எல்லாத் தாள்களுக்கும் ஒரே எடை. நூறாண்டு ஆலமரமும் பத்தடிச் சரிவும் ஒரே கறுப்பாகத் தெரியும்.

அப்படியானால் எடை போட வேண்டும். தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளர் 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை இந்த இடத்தில் நுழைந்தது. உலகெங்கும் நகர வடிவமைப்பில் நிபுணர்களின் முன்னுரிமையை அளக்கும் ஆய்வுகளில் அதிகம் புழங்குவது இதுதான். செய்முறை இப்படி: அளவுகோல்களை இரண்டிரண்டாக எடுத்து நிபுணரிடம் கேட்கிறார்கள். மழைநீர் மேலாண்மை முக்கியமா, நிழல் முக்கியமா? எத்தனை மடங்கு? ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் எண் சொல்லுங்கள். வடிகால் நிழலைவிட மூன்று மடங்கு, நிழல் வண்டி நிறுத்தத்தைவிட இரண்டு மடங்கு என்று ஒருவர் சொன்னால், வடிகால் வண்டி நிறுத்தத்தைவிட ஆறு மடங்கு என்று அவரே சொல்ல வேண்டும். இரண்டு என்று சொன்னால் அவர் பதில்களுக்குள் முரண் இருக்கிறது. அந்த முரணையும் ஒரு விகிதமாகக் கணக்கிட்டு, 0.1ஐத் தாண்டினால் மறுபடி யோசிக்கச் சொல்கிறார்கள். இதோடு டெல்ஃபி முறையையும் சேர்ப்பதுண்டு. நிபுணர்கள் ஒருவரையொருவர் அறியாமல் பல சுற்றுகளாகப் பதில் சொல்கிறார்கள். சுற்றுதோறும் மற்றவர்களின் பதில்கள் தொகுத்துக் காட்டப்படுகின்றன. குரல் உயர்ந்தவர் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போவதை இது தடுக்கிறது.

இந்த முறைகளை நான் மதிக்கிறேன். மனத்துக்குள் மறைந்திருக்கும் சார்பை எண்ணாக மேசைமேல் வைக்கச் சொல்வது நேர்மையான காரியம். ஆனால் மூன்று இடங்களில் இவை வழுக்குகின்றன. முதலாவது கணிதம் சார்ந்தது. பட்டியலில் புதிதாக ஒரு மாற்று வழியைச் சேர்த்தால், ஏற்கெனவே இருந்தவற்றின் வரிசை தலைகீழாகலாம். பெல்டன், கியர் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். இரண்டாவது, யாரைக் கேட்கிறோம் என்பது. நீரியல் பொறியாளர் வெள்ளத்தை முதலில் வைப்பார், போக்குவரத்துப் பொறியாளர் சந்திப்பின் நெரிசலை, நிலத்தோற்ற வடிவமைப்பாளர் மண்ணையும் மரத்தையும், கட்டடக் கலைஞர் கட்டடத்தின் திசையையும் மின்செலவையும். அவரவர் பயின்றதும் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பதும் அப்படி, அதில் குற்றமில்லை. ஆனால் மேசையைச் சுற்றி ஆறு பொறியாளரும் ஒரு சமூகப் பணியாளரும் இருந்தால், வரும் எடை நகரத்தின் எடை ஆகாது. மூன்றாவது வழுக்கல்தான் ஆழமானது. எல்லா மதிப்பெண்களையும் கூட்டி ஒரே எண்ணாக்கும்போது, ஒன்றில் பட்ட இழப்பை இன்னொன்றில் பெற்ற லாபம் ஈடுகட்டிவிட்டதாக ஆகிறது. அந்த இழப்பும் லாபமும் ஒரே ஆளுக்குத்தான் போய்ச் சேருகின்றனவா என்று கூட்டல் கேட்பதில்லை.

சான்றிதழ் முறைகளில் இந்தக் கூட்டலை வெளிப்படையாகவே பார்க்கலாம். கட்டடங்களுக்கு பிரிட்டனில் 1990இல் பிரீயம், அமெரிக்காவில் 1998இல் லீட், இந்தியாவில் பிறகு கிரிஹா என்று வரிசையாக வந்தன. குடியிருப்புப் பகுதி முழுவதையும் மதிப்பிட லீட் அமைப்பு 2009இல் தனி முறையை வகுத்தது. அந்தப் பதிப்பில் மொத்தம் 110 புள்ளிகள். இடத் தேர்வுக்கும் இணைப்புக்கும் 27, தெரு அமைப்புக்கும் வடிவத்துக்கும் 44, பசுமைக் கட்டமைப்புக்கும் கட்டடங்களுக்கும் 29, மிச்சம் புதுமைக்கும் வட்டார முன்னுரிமைக்கும். உள்ளே நுழைந்து பார்த்தால் அமெரிக்கப் புறநகரின் நோய் என்னவென்று தெரிகிறது. நடக்க ஏற்ற தெருக்களுக்கு மட்டும் 12 புள்ளி. பல வருமானத்தினர் சேர்ந்து வாழும் வீட்டு வகைகளுக்கு 7. மழைநீருக்கு 4. நகர வெப்பத்தைத் தணிப்பதற்கு 1. கார் இல்லாமல் பால் வாங்கவும் போக முடியாத ஊருக்கு எழுதிய மருந்துச் சீட்டு அது. அந்த ஊருக்கு அது சரி. மே மாதம் வெயிலில் கொத்தனார் வேலை பார்க்கும் ஊருக்கு வெப்பத்தின் எடை நூற்றுப்பத்தில் ஒன்றாக இருக்க முடியாது. ஆண்டு மழையில் பெரும்பகுதி மூன்று மாதத்தில் கொட்டி, மற்ற மாதங்களில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊருக்கு மழைநீரின் எடை நான்காக இருக்க முடியாது. வட்டார முன்னுரிமைக்கென ஒதுக்கிய நான்கு புள்ளிகள் இந்த இடைவெளியை நிரப்பப் போதுமானவை அல்ல.

திட்டமிடுவோரின் உள் மோதலை எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாக வரைந்து காட்டியவர் ஸ்காட் கேம்ப்பெல். 1996இல் வந்த அவருடைய கட்டுரை ஒரு முக்கோணத்தை முன்வைத்தது. மூலைகள் மூன்று: பொருளாதார வளர்ச்சி, சுற்றுச்சூழல், சமூக நீதி. வளர்ச்சிக்கும் நீதிக்கும் இடையே சொத்து பற்றிய மோதல். வளர்ச்சிக்கும் சூழலுக்கும் இடையே வளம் பற்றிய மோதல். சூழலுக்கும் நீதிக்கும் இடையே உள்ளதுதான் மிகக் கடினம், ஏனென்றால் அங்கே இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. நீடித்து நிலைக்கும் நகரம் இந்த முக்கோணத்தின் நடுவில் இருக்கிறது, அதற்கு நேர்வழி கிடையாது, மோதல்களைக் கடந்துதான் போக வேண்டும் என்றார் அவர்.

அந்த மூன்றாவது மோதலைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களிடம் கேட்டால் போதும். கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டு தொடங்கியது, அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். ஆற்றின் கரையை விடுவிக்க வேண்டும் என்பது சூழல் நோக்கில் சரியான முன்னுரிமை. 2015 டிசம்பருக்குப் பிறகு அதை மறுக்க யாராலும் முடியவில்லை. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது, அடையாற்றின் இரு கரையும் மூழ்கின. ஆனால் அந்தக் கரைகளில் இருந்தவர்கள் போன இடம் நகரின் தெற்கு எல்லை, வேலையிலிருந்து இருபது, இருபத்தைந்து கி.மீ. தள்ளி. மயிலாப்பூரில் நான்கு வீட்டில் வேலை பார்த்த பெண் இரண்டு பேருந்து மாறி வந்து இரண்டு வீட்டோடு திரும்பினாள், பிறகு அதையும் விட்டாள். பள்ளி மாறிய பிள்ளைகளில் பலர் படிப்பை நிறுத்தினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்ற என்று கொண்டுபோன இடமோ பள்ளிக்கரணைச் சதுப்புக்கு நீர் போகும் தாழ்நிலம். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அதன்பிறகும் மீண்டும் மீண்டும் தண்ணீரில் நின்றன.

எடைப் பட்டியல் எதிலும் இது தோல்வி என்று பதிவாகாது. ஆற்றங்கரை மீட்பு, மதிப்பெண் உண்டு. உறுதியான வீடு, அதற்கும் உண்டு. அடுக்குமாடி என்பதால் நிலச் சிக்கனத்துக்கும் உண்டு. கூட்டினால் நல்ல எண் வரும். தினமும் நாற்பது, ஐம்பது கி.மீ. கூடுதலாகப் பயணிக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் நேரமும் எரிபொருளும் அந்தக் கூட்டலில் ஏறவில்லை. புகழ்பெற்ற மீட்புகளிலும் இப்படிக் கணக்கில் ஏறாதவை உண்டு. சியோலில் 2003க்கும் 2005க்கும் இடையில் மேம்பாலச் சாலையை இடித்து சங்கேச்சோன் ஓடையை மீட்டதை உலகின் வடிவமைப்புப் பள்ளிகள் எல்லாம் பாடமாக வைத்திருக்கின்றன. கார்களை விலக்கித் தண்ணீரையும் நடப்பவரையும் முன்னால் வைத்த துணிவு போற்றத்தக்கது. ஆனால் அங்கே ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மின்சாரத்தால் இறைக்கப்படுவது. ஓடையோரத்து நடைபாதை வியாபாரிகள் முதலில் ஒரு விளையாட்டரங்குக்குள் ஒதுக்கப்பட்டு, பின்னர் அந்த அரங்கும் இடிக்கப்பட்டபோது மறுபடி சிதறினார்கள். படங்களில் இவை தெரிவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் சென்னை நடத்திய பாடம் இன்னும் முடியவில்லை. பள்ளிக்கரணை ஒருகாலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்த சதுப்பு. குப்பைமேடும் சாலையும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் வந்தபின் எஞ்சியது அதில் ஒரு சிறு பங்கு. சதுப்புநில ஆய்வாளர் ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்றவர்கள் பல ஆண்டுகள் பறவையையும் நீரையும் கணக்கெடுத்துப் போராடியதன் தொடர்ச்சியாகவே 2022இல் அதற்குப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. 2008இல் இரண்டாம் முழுமைத் திட்டம் வந்தபோது ஐ.டி. வழித்தடம்தான் நகரின் பெருமை. வேலைவாய்ப்பு என்ற அளவுகோலுக்கு ஒன்பதில் ஒன்பது கொடுத்த காலம் அது. பிறகு 2015இல் வெள்ளம், 2019இல் நகருக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர். நான்கே ஆண்டு இடைவெளி. வெள்ளமும் வறட்சியும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்று அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது.

ஆனாலும் துறைகள் அவற்றைத் தனித்தனியாகவே எடைபோடுகின்றன. மழைநீர் வடிகால் பொறியாளருக்கு வெற்றி என்றால் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கடலுக்குப் போகிறது என்பது. குடிநீர் வாரியத்துக்கு வெற்றி என்றால் எவ்வளவு நீர் நிலத்தில் தங்குகிறது என்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணல்வெளியில் வடிகால் போடவந்தபோது அங்கிருந்தவர்கள், மணல் தானே நீரைக் குடித்துக்கொள்கிறது, எங்கள் நிலத்தடி நீரை ஏன் கடலுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் சொன்னதில் மண்ணறிவு இருந்தது. கோபன்ஹேகன் நகரம் இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. 2011 ஜூலை 2 அன்று இரண்டு மணி நேரத்தில் சுமார் 150 மி.மீ. மழை. அடுத்த ஆண்டே ஒரு மேகவெடிப்புத் திட்டம். குழாயைப் பெரிதாக்குவதை மட்டும் நம்பாமல், பூங்காவும் தெருவும் சில மணி நேரம் தண்ணீரைப் பிடித்துவைக்கும்படி சுமார் 300 வேலைகளாகப் பிரித்தார்கள். வெள்ளத் தடுப்பும் பொழுதுபோக்கு இடமும் ஒரே நிலத்தில், ஒரே பணத்தில். சிங்கப்பூரில் பீஷான் பூங்காவில் 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை 2012இல் வளைந்தோடும் ஆறாக மாற்றியதும் இதே சிந்தனை. சென்னையில் நெதர்லாந்து ஆதரவோடு 2018இல் தொடங்கிய ஆயிரம் குளங்களின் நகரம் என்ற முயற்சி, கோயில் குளத்தையும் வீட்டுக் கழிவுநீரையும் நிலத்தடி நீரையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தது. நம் பழைய ஏரிச் சங்கிலியின் தர்க்கம் அது. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி நிறையும். ஒரு மாதிரிப் பணியைத் தாண்டி நகர அளவுக்கு அது விரிய, மாநகராட்சி, குடிநீர் வாரியம், நீர்வளத்துறை, அறநிலையத்துறை ஆகியவற்றின் வரவுசெலவுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

இந்த அனுபவங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. அளவுகோல்களை எடைபோடும் முன் அவற்றை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். இன்று தவறாக முடிவெடுத்தால் பின்னால் திருத்திக்கொள்ளக்கூடியவை ஒரு பக்கம், திருத்தவே முடியாதவை மறுபக்கம். வண்டி நிறுத்தத்தை அடுத்த வரவுசெலவில் மாற்றலாம். கட்டடத்தின் கண்ணாடியைப் பதினைந்து ஆண்டில் மாற்றலாம். மரம் வளர இருபது ஆண்டு, என்றாலும் வளரும். சதுப்பின்மேல் பத்து மாடி எழுந்துவிட்டால் அது சதுப்பாகத் திரும்பாது. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்ட பெண்பிள்ளையின் அந்த வயதும் திரும்பாது. திருத்த முடியாதவற்றுக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது. அவை நுழைவு நிபந்தனைகள். நீர்வழி மறையக் கூடாது, பிழைப்பிலிருந்து இத்தனை கி.மீ.க்கு மேல் யாரையும் அகற்றக் கூடாது. இவற்றை நிறைவேற்றிய திட்டங்களை மட்டும் தராசில் ஏற்றலாம். தராசு அதன்பிறகு நல்ல கருவி.

கட்டாயத்துக்கும் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்நாடு 2003இல் கண்டது. மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் அரசு கட்டாயமாக்கியது. யாருக்கும் சான்றிதழ் இல்லை, நட்சத்திரம் இல்லை. மாநிலமெங்கும் குழி வெட்டினார்கள், கிணறுகள் ஊறின. மறுபக்கத்தில் திறந்தவெளி ஒதுக்கீட்டு விதியைப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை உள்ள மனைக்கு, நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டவும் வழி உண்டு. பணத்தில் நிழல் விழாது, நீர் இறங்காது. 2019இன் கட்டட விதிகள், மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. நெருக்கமான நகரம் பயணத்தைக் குறைக்கும் என்பதால் நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் கூடிய தளத்துக்கு ஈடாகத் தெருவில் எவ்வளவு நிழல், எவ்வளவு மண் என்ற நிபந்தனை அதே அழுத்தத்தோடு எழுதப்படவில்லை.

எழுதிவைத்தால் மட்டும் நடந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென 2014இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் அது முன்னோடி. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் என்றது அது. அதன் முகமாக 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தது. முதியவர்கள் மாலையில் அங்கே உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கும் யாரும் அதை வீண் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தத் தெருவின் நடைபாதை வியாபாரிகள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வணிகக் கட்டடத்துக்குள் மாற்றப்பட்டிருந்தார்கள். வடிவமைப்பாளர் காகிதத்தை விரித்தபோது அவர்கள் படத்திலேயே இல்லை. யார் முதலில் அகற்றப்படுகிறார்கள், எப்போது வடிவமைப்பாளர் அழைக்கப்படுகிறார் என்ற வரிசையே பாதி முன்னுரிமையைத் தீர்த்துவிடுகிறது. எஞ்சிய பாதியைத் தீர்ப்பது பராமரிப்புப் பணம். வடிவமைப்பாளரின் கட்டணம் திறப்பு விழாவோடு முடிகிறது. நீர் ஊடுருவும் தரைக்கற்களின் இடுக்கில் மண் அடைத்துக்கொண்டதா, நட்ட மரங்களில் எத்தனை நிற்கின்றன என்று ஐந்தாம் ஆண்டு வந்து பார்க்க ஒப்பந்தத்தில் ஒரு வரியும் பணமும் இருக்க வேண்டும்.

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022இல் அரசு ஆணையிட்டது. மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. திருமழிசை, மீஞ்சூர், செங்கல்பட்டு, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய இடங்களுக்குத் துணைநகரத் திட்டங்கள் பேசப்படுகின்றன. இந்தப் புதிய பரப்பில் பெரும்பகுதி ஏரிப் பாசன நிலம். கிராமப் புலப்படங்களில் ஏரி, தாங்கல், வரத்துக்கால்வாய், போக்குக்கால்வாய் எல்லாம் இன்னும் தனித்தனிப் புல எண்ணோடு கிடக்கின்றன. மனை அங்கீகாரத்துக்கான வரைபடங்கள் ஏற்கெனவே வந்து குவியத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு முன்னால் அந்தப் புலப்படங்கள் களத்தில் அளந்து சரிபார்க்கப்பட்டு, மீற முடியாத கோடுகளாகத் திட்ட வரைபடத்தில் ஏற வேண்டும். அதைச் செய்ய நில அளவையரும் நீரியல் பொறியாளரும் ஊரில் ஏரிநீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்க்கட்டியும் ஒன்றாக வரப்பில் நடந்தால் போதும். ஒரு வடகிழக்குப் பருவமழையின்போதே அந்த நடை தொடங்கலாம். அப்போதுதான் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடியும்.